எடுத்துக்காட்டில் நூற்றியொன்று

சேலையூர்
9 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சந்திரிகா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. வெயில்தான் சித்திரை பிறக்கும் முன்பே ஆளை வறுக்கிறது. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அண்ணி வாங்கிக் கொடுத்த பெல்ட்டைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை அது பெட்டியிலேயே பத்திரமாக இருக்கிறதா?

கப்பலுக்கு வெறும் எழுத்து மட்டும்தான் போகும், கேப்டன் ரூம் கம்ப்யூட்டரில்தான் மெயில் வரும் என்று அண்ணி சொன்னார். ரொம்ப நல்லது. வாட்ஸ்அப்பில் நீ இதுவரை எனக்கு அனுப்பியதெல்லாம் கட்டைவிரல்தான். இனிமேல் எழுதித்தான் தீர வேண்டும். மாட்டிக்கொண்டாய்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது! ஸ்டெபிலைசர் கம்பெனியை மூடி எட்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்து மூன்று வயதில் இன்டர்வியூவுக்குப் போனால் வாசலிலேயே "ஆன்ட்டி, யாரைப் பாக்கணும்?" என்று கேட்கிறார்கள். கடைசியில் பெரும்பாக்கம் தாண்டி ஒரு கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். போன மாதம் நடுவில் சேர்ந்தேன். செவ்வாயும் வியாழனும்தான் ஆபீஸ், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. ஆறு மாத ஒப்பந்தம், பிடித்துப்போனால் நிரந்தரம். இதை விட்டால் இன்னொன்று கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

வேலை பழையதுதான், கையேடு எழுதுவது. படிக்கப்போகிறவர்கள்தான் புதுசு. மனிதர்கள் இல்லை, ஏஐ ஏஜெண்டுகள். ஏஜெண்ட் என்றதும் இன்ஷூரன்ஸ் பிடிக்க வருகிறவரை நினைத்துக்கொள்ளாதே. இது ஒரு மென்பொருள். உடையவர் "இந்த வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டால், அதுவே படித்து, அதுவே யோசித்து, அதுவே செய்யும். எங்கள் கம்பெனி பிளாக்செயினில் காயின் வாங்கி விற்க ஒரு கருவி செய்திருக்கிறது. அந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று ஏஜெண்டுக்குச் சொல்லும் புத்தகத்தை நான் எழுத வேண்டும்.

பதினான்கு வருஷம் ஸ்டெபிலைசருக்கும் கிரைண்டருக்கும் எழுதினேன். ஒரு ஆத்மாவும் படித்ததில்லை. நீயே எலக்ட்ரீஷியன், நீயே படித்ததில்லை. இது முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படிக்குமாம். எனக்குப் பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு, கட்டைவிரல் வேண்டாம்.

உன் தங்கை
சந்திரிகா


நடுக்கடல்
21 ஏப்ரல் 2025

அன்புத் தங்கை சந்திரிகாவுக்கு,

தயாளன். நான் நன்றாக இருக்கிறேன். இடுப்பும் என்னோடுதான் இருக்கிறது. பெல்ட் போடுகிறேன் என்று அண்ணியிடம் சொல்லிவிடு. உன் மணிக்கட்டு வலி தேவலையா? மாப்பிள்ளை குமரேசன் சுகமா?

வேலை கிடைத்தது ரொம்ப சந்தோஷம். நீ எழுதியதைக் கேப்டனுக்குச் சொன்னேன். "மெஷின் படிக்க மனுஷி எழுதுகிறாளா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நான் இரும்பு தின்று கப்பலில் வளர்ந்தவன். பிளாக்செயின், காயின் என்றால் என்ன என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. வேலை முடிந்தால் எட்டு மணி நேரம் சும்மாதான் இருக்கிறேன்.

ஒரு விஷயம். இதுதான் என் கடைசி ஒப்பந்தம். செப்டம்பரில் இறங்கினால் திரும்ப ஏற மாட்டேன். இருபத்திரண்டு வருஷம் போதும். மாடம்பாக்கத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை போடப் போகிறேன். உன் அண்ணி நாகா போர்டு கூட எழுதி வாங்கிவிட்டாளாம். கடைக்கென்று ஒதுக்கியது பத்திரமாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் வைண்டிங் மெஷினும் புதிதாக வாங்கிவிடலாம்.

இப்படிக்கு
தயாளன்


சேலையூர்
12 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். நாங்கள் சுகம். உனக்கு அங்கே சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லையே? கடைசி ஒப்பந்தம் என்று நீ எழுதியதை அண்ணி என்னை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். "நீயா சேத்துக்கினு படிக்கலியே?" என்று சந்தேகம் வேறு. போர்டு ஹாலில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறது. கண் பட்டுவிடுமாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பிளாக்செயின் என்பது ஒரு பதிவேடு. யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்று அதில் ஏறும். ஒரே பதிவேடு ஆயிரக்கணக்கான இடத்தில் பிரதியாக இருக்கும். எழுதினதை யாரும் அடிக்கவோ திருத்தவோ முடியாது. காயின் அந்தப் பதிவேட்டில் இருக்கும் ஒரு சொத்து. தாம்பரம் மார்க்கெட் தக்காளி மாதிரி அதற்கு மணிக்கொரு விலை. விலையைப் பார்த்து வாங்குவதும் விற்பதும்தான் ஏஜெண்டின் வேலை.

இனி வேடிக்கையைக் கேள். முதல் அத்தியாயத்தில் "விலை நிலைப்படும் வரை சற்று நேரம் காத்திரு" என்று எழுதியிருந்தேன். பயிற்சி ஏஜெண்ட் படித்துவிட்டுக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறது: சற்று நேரம் என்றால் எத்தனை விநாடி? நிலைப்படுவது என்றால் எத்தனை பைசாவுக்கு மேல் அசையாமல் இருப்பது? எனக்கு வெட்கமாகிவிட்டது. பதினான்கு வருஷமாக "சற்று நேரம்" எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒருத்தரும் கேட்டதில்லை. அதுவும் நியாயமான கேள்விதானே?

இப்போது எதைப் படித்தாலும் அதன் கண்ணால்தான் படிக்கிறேன். உன் கடிதத்தை அது படித்திருந்தால் "இன்னும் கொஞ்சம் சேர்ந்தால்" என்பதற்கு எவ்வளவு, எப்படி என்று கேட்டிருக்கும். அண்ணிக்கு இதெல்லாம் ஒரே அதிசயம். "இன்னா சந்திரி, ஆளே இல்லாத ஆளுக்கு புக்கு எழுதிகினு கீறே? அது படிச்சிட்டு நல்லாகீதுன்னு சொல்லுமா?" என்று கேட்டார். சொல்லாது. ஆனால் கேள்வி கேட்கிறதே, அதுவே எனக்குப் பாராட்டு மாதிரி இருக்கிறது.

எங்கள் டீம் லீட் பெயர் அனிருத். நங்கநல்லூர் பையன், இருபத்தெட்டு வயது, மரியாதையாக அக்கா என்பான். "அக்கா, டாக்குமென்ட்ல உதாரணம் நெறைய போடுங்க, ஏஜெண்ட் உதாரணத்தைப் பாத்துதான் கத்துக்கும்" என்று சொல்லியிருக்கிறான். போட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை
சந்திரிகா


சாண்டோஸ், பிரேசில்
30 மே 2025

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். இங்கே சர்க்கரை ஏற்றுகிறார்கள். மழை பெய்தால் மூடிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள், அதனால் ஆறு நாளாக இதே துறைமுகத்தில்தான் இருக்கிறோம். மாலுமிகள் கிளப்பில் வைஃபை நன்றாக இருக்கிறது. அங்கே உட்கார்ந்துதான் இதை அடிக்கிறேன். நீயும் குமரேசனும் நலம்தானே? வெயில் தணிந்ததா?

நீ எழுதியதை இரண்டாவது இன்ஜினியருக்கு விளக்கினேன். அவருக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. நீங்கள் அந்தக் கருவியை வெளி ஆட்களுக்கும் பரிசோதனைக்குத் திறந்துவிட்டிருக்கிறீர்களாமே.

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன், உன் புத்தகத்துக்கு உதவும். கப்பலில் கேப்டன் தூங்கப் போகும் முன் ஒரு நோட்டில் உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போடுவார். வேகம் இவ்வளவு, திசை இது, மீன்பிடிப் படகு வந்தால் இப்படி என்று எழுதி, கடைசியில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: சந்தேகம் வந்தால் என்னை எழுப்பு. எத்தனை கேப்டன் மாறினாலும் அந்த வரி மாறாது. உன் ஏஜெண்டுக்கும் அதை எழுது.

தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்: உடையவர் நாற்பது நாள் நெட் இல்லாத இடத்தில் இருந்தால் அது பாட்டுக்கு வேலை செய்யுமா? உன் புத்தகத்தில் இருப்பதை மீறுமா?

நாளை கிளம்புகிறோம். ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சீனா. நாற்பது நாளுக்கு மேல் ஆகும்.

தயாளன்


சேலையூர்
24 ஜூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? கடல் கொந்தளிப்பாக இருக்கும் மாதமாமே, கைப்பிடியைப் பிடித்து நட. இங்கே எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலி, அதைத் தவிர வேறு நோய் இல்லை.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். உடையவர் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். புத்தகத்தை மீறாது, அச்சு அசல் அப்படியே செய்யும். உன் கேப்டன் வரியை அப்படியே போட்டேன்: சந்தேகம் வந்தால் நிறுத்து, உடையவரைக் கேள். எனக்குப் பெருமையாக இருந்தது. அனிருத் ஜூன் முதல் வாரத்தில் எடுத்துவிட்டான். "அக்கா, இது எல்லாத்துக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா ஓனர் எரிச்சலாகி ஓடிப்போயிடுவாங்க." நான் கொஞ்சம் சண்டை போட்டேன். நிரந்தரம் ஆகாதவள் எவ்வளவு சண்டை போட முடியும்?

இப்போது சிரிப்புக்கு வா. போன வாரம் பயிற்சிக் களத்தில் நாற்பது ஏஜெண்டுகளை இறக்கினோம். அங்கே எல்லாம் விளையாட்டுக் காயின், யாருக்கும் நஷ்டமில்லை. நாற்பதும் ஒரே அளவில் வாங்கின. நூற்றியொரு காயின். நூறு இல்லை, நூற்றியொன்று. போலந்தில் இருக்கும் இன்ஜினியர்களுக்குத் தலை சுற்றிவிட்டது. இந்த 101 எங்கிருந்து வந்தது, எந்தக் கோளாறு என்று மூன்று நாள் நிரல் முழுக்கத் தேடியிருக்கிறார்கள்.

மீட்டிங்கில் அந்த எண்ணைத் திரையில் பார்த்ததுமே எனக்கு வேர்த்துவிட்டது. என் எடுத்துக்காட்டு அண்ணா! வாங்கும் ஆர்டர் எப்படி எழுதுவது என்று காட்டும் இடத்தில் அளவு என்ற கட்டத்தில் நான் 101 போட்டிருக்கிறேன். ஏன் போட்டேன்? மொய்க் கவரில் நூறை மொட்டையாக வைப்போமா? பிறந்ததிலிருந்து ஒன்று சேர்த்தே பழகிய கை, அதுவாகப் போட்டுவிட்டது. எவ்வளவு வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் ஏஜெண்டுகள் எல்லாம் எடுத்துக்காட்டைப் பார்த்து, அதுதான் முறை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டன.

அனிருத் அந்தப் பக்கத்தை நான்கு தடவை சரிபார்த்தவன். அவன் கண்ணுக்கும் உறுத்தவில்லை, அவன் வீட்டிலும் நூற்றியொன்றுதானே வைப்பார்கள். போலந்துக்காரரிடம் கல்யாண மொய்யை விளக்கினேன். அவர், "அந்த ஒரு ரூபாய் எதற்கு?" என்று கேட்டார். உறவு முடிந்துபோகாமல் தொடரத்தான் என்றேன். எழுதி வைத்துக்கொண்டார்.

நேற்று புதுப் பதிப்பு போட்டுவிட்டோம். முப்பத்தொன்றாம் பக்கத்தில் தெளிவாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: அளவை உடையவரே நிரப்ப வேண்டும், காலியாக இருந்தால் ஏஜெண்ட் வாங்கக் கூடாது.

சீனா போனதும் எழுது.

உன் தங்கை
சந்திரிகா


சிங்டாவ், சீனா
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சந்திரிகாவுக்கு,

நலம். நடுவில் நீ போட்ட இரண்டு மெயிலையும் பார்த்தேன். வழியில் ஜெனரேட்டர் ஒன்று படுத்துவிட்டது, துறைமுகத்துக்கு வெளியிலும் வாரக்கணக்கில் காத்திருந்தோம், வேலை ஜாஸ்தி, அதனால் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

கேப்டன் இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறார். சரி என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். அடுத்த மாதம் சிங்கப்பூரில் பேப்பர் வரும், அங்கே கையெழுத்து. கடைக்கு ஒன்றும் அவசரமில்லை, மாடம்பாக்கம் எங்கேயும் ஓடிப்போகாது. நாகாவிடம் நீ பக்குவமாகச் சொல்லிவிடு. நான் சொன்னால் அழுவாள்.

அந்த 101 கதை நன்றாக இருந்தது. அதற்காக உன்னை யாராவது ஏதாவது சொன்னார்களா? நிரந்தரம் ஆவதற்கு அது இடைஞ்சல் ஆகாதே?

தயாளன்


சேலையூர்
15 ஆகஸ்ட் 2025

அண்ணா,

உன் உடம்பை விசாரிப்பதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும், கடைசியில் விசாரிக்கிறேன்.

உன் கடிதம் வந்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் போதும் என்று நீயே எழுதிவிட்டு, இப்போது அவசரமில்லை என்கிறாய். ஜெனரேட்டர் படுத்தால் ஏழு வாரம் ஒரு மனுஷன் எழுத மாட்டானா என்று இவரிடம் புலம்பினேன்.

நேற்று அனிருத் ஒரு வேலை கொடுத்தான். பழைய பதிப்பு இருந்த நாட்களில், நிஜச் சந்தையில் வெளி ஆட்களின் ஏஜெண்ட் எதுவும் 101 வாங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். மூன்று இருந்தன. உடையவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவர் ஏஜெண்டுக்குக் கொடுத்த உத்தரவு மட்டும்தான் தெரியும்.

மூன்றாவது, ஜூன் பதினான்காம் தேதி வாங்கியது. கட்டம் காலி. உத்தரவு தமிழில் இருந்தது, இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தது:

"நான் கடலில் இருப்பேன், கேட்க முடியாது. எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. இந்தப் புத்தகத்தை எழுதினது என் தங்கச்சி. அவள் சொல்லியிருக்கிற மாதிரியே செய்."

ஆபீசில் உட்கார்ந்து அழுதேன் அண்ணா. ஏசி மெக்கானிக் வந்து தண்ணீர் கொடுத்தார்.

நான் கேட்கிறேன், ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். ஒரு கட்டத்தையும் காலியாக விடாதே. கடைக்காக வைத்திருந்தது முழுவதும் இதில் போட்டாயா? எவ்வளவு மிச்சம்? ஆறு மாதம் நீட்டுவது இதனால்தானா? ஏன் என்னிடம் சொல்லவில்லை?

இடுப்பு எப்படி இருக்கிறது?

சந்திரிகா


மஞ்சள் கடல்
21 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

இடுப்பு வலிக்கிறது. பெல்ட் கிழிந்துவிட்டது.

ஆமாம், கடைக்கென்று இருந்தது முழுவதும். சாண்டோஸில் கிளப்பில் உட்கார்ந்து போட்டேன். அது கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் என்று நினைத்தேன். மொத்தமே நூற்றுப் பத்து காயினுக்குத்தான் வரும், அது நூற்றியொன்றை ஒரே தடவையில் வாங்கிவிட்டது. அடுத்த நாளே விலை விழுந்தது. பாதிக்கும் கீழே போனதும் விற்றுவிட்டு நின்றிருக்கிறது. சிங்டாவ் வந்து போனைத் திறந்தபோதுதான் பார்த்தேன். வைண்டிங் மெஷின் வாங்கும் ஆசையில் செய்தது, வேறென்ன சொல்ல.

ஆறு மாதம் நீட்டுவதும் அதற்காகத்தான்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள். இது உன் தப்பு இல்லை. புத்தகத்தை இறக்கி முழுதாகப் படித்தேன், எண்பத்து நான்கு பக்கம். முப்பத்தொன்றாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது: அளவை உடையவரே நிரப்ப வேண்டும். நான் காலியாக விட்டேன். கவனக்குறைவு என்னுடையது. கம்பெனியில் கேட்டால் அப்படியே சொல். என்னைத் தெரியும் என்றே காட்டிக்கொள்ளாதே. நாகாவுக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

சொல்லாததற்குக் காரணம் கேட்டாய். எட்டு மாதம் நீ வீட்டில் எப்படி இருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

தயாளன்


சேலையூர்
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

புது பெல்ட் வாங்கியாயிற்று, நீ வந்து கட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம்.

பொய் சொல்லவும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். முப்பத்தொன்றாம் பக்கத்து வரியை நான் எழுதியது ஜூன் இருபத்து மூன்றாம் தேதி. உன் ஏஜெண்ட் வாங்கியது பதினான்காம் தேதி. ஒவ்வொரு பதிப்பின் முதல் பக்கத்திலும் தேதி இருக்கிறது, எண்பத்து நான்கு பக்கம் படித்தவன் அதையும் பார்த்துத்தான் இருப்பாய். ஜூன் பதினான்கில் அந்தப் புத்தகத்தில் இருந்ததெல்லாம் என் நூற்றியொன்று மட்டும்தான். நீ சொன்ன கேப்டன் வரி இருந்திருந்தால் அது நின்றிருக்கும்.

பரிசோதனைக்கு வந்தவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கருவியின் குறையால் நஷ்டம் வந்தால் கம்பெனி ஈடு கட்டும், உடையவரின் கவனக்குறைவு என்றால் கட்டாது. கையேடும் கருவியில் சேர்த்திதான். எது என்று நான்தான் அறிக்கை எழுத வேண்டும். அனிருத் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, கட்டத்தைக் காலியா விட்டது ஓனர் தப்புன்னு ஒரு வரி எழுதிடுங்க. யாரும் தோண்ட மாட்டாங்க. பதினஞ்சாம் தேதி உங்க கன்ஃபர்மேஷன் இருக்கு, இப்ப எதுக்கு ரிஸ்க்கு?" கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். அவனுக்கும் பயம்.

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். திருநீர்மலைக்குக் கூடப் போய் வந்தேன். கீழே ஒரு கோயில், மேலே ஒரு கோயில், படியேறி மூச்சு வாங்கியதுதான் மிச்சம், பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வரும்போது நானே எழுதிவிட்டேன், போனிலேயே. எடுத்துக்காட்டில் அளவு எழுதியது நான். அது ஏன் 101 என்றும் எழுதினேன். மூன்று நஷ்டமும் அதனால்தான். மூன்றாவது உடையவர் என் அண்ணன், இதையும் மறைக்க விரும்பவில்லை. அனிருத் பெயரை இழுக்கவில்லை. நேற்று காலை மேலே அனுப்பிவிட்டேன்.

உன்னைக் கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால்தான் கேட்கவில்லை. உனக்கும் எனக்கும் சரியாகப் போயிற்று.

சிங்கப்பூரில் எதிலும் கையெழுத்துப் போடாதே. பதில் வரும் வரை கேப்டனிடம் பேனா தீர்ந்துவிட்டது என்று சொல்.

சந்திரிகா


சேலையூர்
16 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வந்துவிட்டது! மூன்று பேருக்கும் ஈடு கட்டச் சொல்லி உத்தரவு. உன் காயின் வாலட்டில் இன்றே ஏறியிருக்கும், சிங்கப்பூர் போனதும் போனைத் திறந்து பார். போட்டது அத்தனையும் திரும்ப வந்துவிட்டது. கேப்டன் வரியையும் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். இனிமேல் சந்தேகம் வந்தால் எல்லா ஏஜெண்டும் நின்று கேட்கும்.

அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நீ என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. கேட்டுவிட்டு, "துட்டு போனா போவுது, மனுஷன் வூட்டாண்ட வந்தா போதும்னு ஒரு வார்த்த என்கைல சொல்லிருந்தா நான் இன்னா கொறஞ்சா பூடுவேன்?" என்றார். இதை அப்படியே எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

நீ எந்த நாள், எந்த நேரத்தில் வந்து இறங்கினாலும் ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன். பகல், காலை, எதுவாக இருந்தாலும் சரி. கடைக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் ஒரு வாரம் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். கரண்ட் பில், கரண்ட் ஆபீஸ் எல்லாம் நானே அலைந்து முடித்துவிடுகிறேன், நீ வந்து உட்கார்ந்தால் போதும்.

நான் நன்றாக இருக்கிறேன். வேலை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
சந்திரிகா


சிங்கப்பூர்
22 செப்டம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன். பேப்பரில் கையெழுத்துப் போடவில்லை. கேப்டன் கட்டிப்பிடித்து அனுப்பினார். நாளை, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று நாற்பதுக்கு மீனம்பாக்கத்தில் இறங்குகிறேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். செவ்வாய், வியாழன் ஆபீஸ் போகிறவள் எந்த நாளும் ஏர்போர்ட்டுக்கு வருவேன் என்கிறாய். ஒரு வாரம் கடையில் இருக்கிறேன் என்கிறாய். பதினைந்தாம் தேதி உனக்கு நிரந்தரம் ஆக வேண்டிய நாள், பதினாறாம் தேதி கடிதத்தில் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

வேலை இருக்கிறதா, போய்விட்டதா? ஒரே வார்த்தையில் பதில் எழுது. விமானம் ஏறுவதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

அண்ணன்
தயாளன்


சேலையூர்
22 செப்டம்பர் 2025

அண்ணா,

போய்விட்டது. நீ ஏறு.

சந்திரிகா